கடலில் பாதி நாள், கோபுரத்தில் பாதி நாள்

பிள்ளைகளே, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாம் எல்லோரும் பயணம் போகப் போகிறோம். காலையில் மொந்தெல்லோ கடலில் வள்ளம் ஓட்டுவோம். மத்தியானம் பலெர்மோ நகரத்துக்குத் திரும்பி வந்து, ஓர் அரண்மனைக் கோபுரத்தில் ஏறுவோம். அங்கே வானத்தைப் பார்ப்பதற்காகச் செய்த பழைய கருவிகள் இருக்கின்றன.

"கடலுக்கும் வானத்துக்கும் என்ன தொடர்பு?" என்று போன வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. தமிழிலேயே ஒரு தொடர்பு இருக்கு. கடலில் நீந்துவது மீன். வானத்தில் மின்னுவதும் மீன்தான், விண்மீன். மற்றத் தொடர்புகளைப் போகப் போகச் சொல்கிறேன்.

நாம் சந்திக்கும் இடம் பொலிதேயாமா. அந்த நாடக அரங்கத்தின் உச்சியில் தேர் இழுக்கும் நாலு வெண்கலக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். தேரில் இருப்பவர் அப்பொல்லோ. பழைய கிரேக்கர்களும் ரோமர்களும் அவரைச் சூரியனோடு சேர்த்துச் சொல்வார்கள். நம்முடைய சூரியனின் தேருக்கு ஏழு குதிரைகள் என்று அம்மம்மா சொல்லுவா. இங்கே நாலுதான். அந்தப் பக்கமிருந்து 806 பஸ் எடுத்தால் மொந்தெல்லோவுக்குப் போகலாம்.

கயாக் ஏன் தாழ்வதில்லை?

மொந்தெல்லோ ஒரு சின்னக் குடா. ஒரு பக்கம் மொந்தே பெல்லெக்ரீனோ மலை, மற்றப் பக்கம் மொந்தே கால்லோ மலை. பெல்லெக்ரீனோ மலை உங்களுக்குத் தெரிந்ததுதான். சாந்தா ரொசாலியாவைக் கும்பிட நம் பெரியவர்கள் நடந்து ஏறுகிற மலை அது. கோயிலுக்குப் போகிறவர்களும் ஏறுவார்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்களும் ஏறுவார்கள். அதைக் கடலில் இருந்து பார்த்தால் வேறு மலை மாதிரித் தெரியும்.

கயாக் என்பது ஒல்லியான, நீளமான வள்ளம். ஓர் ஆள் இருந்து, இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்பால் வலிக்க வேணும். ஊரில் துடுப்பைச் 'சவள்' என்றும் சொல்வார்கள். உங்கள் அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் எடை 35 கிலோ என்று வைப்போம். கயாக்கின் எடை 25 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 60 கிலோ. இவ்வளவு எடை ஏன் கடலின் அடிக்குப் போவதில்லை?

வீட்டில் ஒரு வாளியில் தண்ணீர் எடுங்கள். ஒரு சில்வர்க் கரண்டியைப் போடுங்கள். தாழும். இப்போது ஒரு சில்வர்க் கிண்ணத்தை மெல்ல வையுங்கள். மிதக்கும். இரண்டும் ஒரே உலோகம்தான். ஆனால் கிண்ணம் தன் குழியான வடிவத்தால் நிறையத் தண்ணீரை ஒதுக்குகிறது. ஒதுக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு பலத்தோடு தண்ணீர் கிண்ணத்தை மேலே தள்ளும். கரண்டி கொஞ்சத் தண்ணீரைத்தான் ஒதுக்கும். அதனால் மேலே தள்ளுகிற பலம் போதாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீஸ். அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? நம் சிசிலித் தீவில், சிராக்கூசா நகரில். ஏறக்குறைய 2,300 வருடங்களுக்கு முன்பு. பள்ளிக்கூடத்தில் அவரைக் கிரேக்கர் என்று படிப்பீர்கள். அதுவும் சரிதான், அந்தக் காலத்தில் சிராக்கூசா கிரேக்கர்களின் நகரம். ஆனாலும் ஆள் நம் தீவுக்காரர்.

நம் கணக்குக்கு வருவோம். 60 கிலோ மிதக்க வேணும் என்றால் 60 கிலோ தண்ணீரை ஒதுக்க வேணும். குழாய்த் தண்ணீர் என்றால் அது 60 லீட்டர். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் ஒரு லீட்டர் 1.03 கிலோ வரும். ஆகவே 58 லீட்டர் போதும். அதனால்தான் நீச்சல் குளத்தைவிடக் கடலில் மிதப்பது கொஞ்சம் இலேசு. மத்தியதரைக் கடலில் உப்பு இன்னும் கொஞ்சம் கூட. ஒரு கிலோ தண்ணீரில் ஏறக்குறைய 38 கிராம். பெருங்கடல்களில் 35 கிராம்தான்.

லைஃப் ஜாக்கெட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்குள் இருக்கும் இலேசான பொருள் தண்ணீரை ஒதுக்கும், உங்களை மேலே தூக்கும். ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் ஓர் எண் இருக்கும், பாருங்கள். 50 என்று இருந்தால் அது 50 நியூட்டன் பலம், ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்கும். பெரியவர்களுக்கான அளவு இது. சின்ன ஆட்களுக்கு எடையைப் பார்த்துக் கொடுப்பார்கள். '50' வகை நீந்தத் தெரிந்தவர்களுக்கு. நீந்தத் தெரியாதவர்களுக்கு '100' வகை வேணும், அது முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க உதவும். நீந்தத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியும் என்று பொய் சொல்லுவதுதான் பிழை.

ஜாக்கெட்டைப் போட்டதும் ஒரு சோதனை. நண்பர் ஒருவர் உங்கள் இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் அது தளர்வு. வாரை இன்னும் இறுக்குங்கள்.

கயாக் கவிழுமா? கவிழும். யாராவது ஒருவர் கட்டாயம் கவிழ்ப்பார், அநேகமாக நானாகத்தான் இருக்கும். அப்போது ஒரே ஒரு விதிதான்: வள்ளத்தை விடாதே. கவிழ்ந்த கயாக்கும் மிதக்கும். தண்ணீரில் ஒரு தலை தூரத்தில் இருந்து பார்த்தால் தேங்காய் அளவுக்குக்கூடத் தெரியாது. நிறம் பூசிய கயாக் நன்றாகத் தெரியும். "கரை கிட்டத்தானே, நீந்திப் போவம்" என்று நினைக்கக் கூடாது. கடலில் தூரம் கண்ணை ஏமாற்றும்.

காற்று எங்கேயிருந்து வருகிறது?

நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது அலையைப் பற்றி இல்லை, காற்றைப் பற்றி. மொந்தெல்லோ குடா வடகிழக்குப் பக்கம் திறந்திருக்கு. சிரோக்கோ காற்று ஆபிரிக்காவில் இருந்து, தெற்குப் பக்கமிருந்து வரும். அன்றைக்குக் கரையோரத்துக் கடல் கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும். "ஆ, நல்ல கடல்!" என்று தோன்றும். ஆனால் காற்று நிலத்தில் இருந்து கடலுக்கு வீசுகிறது. கயாக்கை அது வெளியே, வெளியே தள்ளும். திரும்பி வரும்போது காற்றுக்கு எதிராக வலிக்க வேண்டி வரும், கை சோர்ந்துபோகும். அலை உள்ள நாளைவிட இப்படிப்பட்ட நாள் சின்ன வள்ளங்களுக்கு மோசமானது. சிரோக்கோ வீசினால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றுவோம். அழக் கூடாது.

காற்றுகளுக்குப் பெயர் வைப்பது இத்தாலியர் மட்டும் இல்லை. நம் மீனவர்களும் வைத்திருக்கிறார்கள். வடக்கில் இருந்து வருவது வாடை. கிழக்கில் இருந்து வருவது கொண்டல். யாழ்ப்பாணத்தில் தெற்குப் பக்கமிருந்து வீசுவதைச் சோளகம் என்பார்கள். அங்கே சோளகம், இங்கே சிரோக்கோ. இரண்டு சொற்களுக்கும் உறவு கிடையாது, ஆனால் ஓசை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் எனக்கு மறப்பதே இல்லை.

கயாக் ஓட்டி முடிந்ததும் பாய்மரப் படகைப் பார்ப்போம். இரண்டு உடல் உள்ள படகைக் காட்டி, அங்கே உள்ளவர்கள் "கத்தமரானோ" என்பார்கள். அந்தச் சொல்லை நன்றாகக் கேளுங்கள். கட்டு + மரம் = கட்டுமரம்! மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம். ஐரோப்பியர்கள் நம் கரைக்கு வந்து இந்தச் சொல்லைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு இரண்டு உடல் உள்ள படகுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். உண்மையான கட்டுமரத்தில் இரண்டு உடல் இல்லை. ஆனாலும் இத்தாலிய நண்பர்களிடம் "இது எங்கட சொல்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

பாய்மரப் படகு காற்றுக்கு எதிர்ப்பக்கமும் போகும் என்றால் நம்புவீர்களா? வத்தகப்பழம் சாப்பிடும்போது ஈரமான விதையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். விதை முன்னால் பாயும். நீங்கள் பக்கவாட்டில்தான் அழுத்தினீர்கள், ஆனால் அது முன்னால் போகிறது. படகுக்கும் அப்படித்தான். ஒரு விரல் காற்று, அது பாயைத் தள்ளுகிறது. மற்ற விரல் தண்ணீர், அது படகின் அடியில் இருக்கும் பலகையைத் தடுத்து நிற்கிறது. நடுவில் மாட்டிய படகு முன்னால் பாய்கிறது. நேரே காற்றின் முகத்துக்குள் போக முடியாது. கொஞ்சம் சரிவாகப் போய், பிறகு மற்றப் பக்கம் திரும்பி, வளைந்து வளைந்து போக வேணும். பொறுமை உள்ளவர்களுக்கான விளையாட்டு.

இப்படிப் பாயை மட்டும் நம்பி நம் ஆட்கள் இந்த மத்தியதரைக் கடலைக் கடந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அதை அமெரிக்கா வரை ஓட்டிக்கொண்டு போனவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். சூயஸ் கால்வாய் வழியாக இந்தக் கடலுக்குள் வந்து, ஜிப்ரால்டர் வழியாக வெளியே போய், அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் குளொஸ்டர் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

வீட்டில் "வேண்டாம்" என்றால்

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. உங்களில் சிலருடைய வீட்டில் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வைக்கத் தயங்குவார்கள். கடல் என்றாலே அம்மம்மாவின் முகம் மாறும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலின் அடித்தரை அசைந்தது. அந்த அசைவு பெரிய அலையாக வந்து, இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை என்று கரையோரம் முழுவதும். நம் பள்ளிக்கு வரும் குடும்பங்களில் அன்றைக்கு உறவுகளை இழந்தவர்களும் இருக்கலாம்.

அவர்களோடு வாதாட வேண்டாம். "இங்க சுனாமி வராது" என்றும் சொல்லாதீர்கள், அது உண்மை இல்லை. சிசிலியின் மெசினாவில் 1908 டிசம்பர் 28 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. எங்கே இருந்தாலும் நமக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கரையில் நிற்கும்போது நிலம் பலமாக, நீண்ட நேரம் ஆடினால், அல்லது கடல் திடீரென்று உள்ளே வாங்கினால், வேடிக்கை பார்க்காமல் உயரமான இடத்துக்கு ஓடுங்கள்.

வீட்டில் பக்கத்தில் இருந்து முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு ஜாக்கெட் எப்படி வேலை செய்கிறது, எந்தக் காற்றுக்குப் போக மாட்டோம், கவிழ்ந்தால் என்ன செய்வோம் என்று நீங்களே தமிழில் விளக்குங்கள். கடலில் ஆபத்து என்றால் இத்தாலியில் 1530 என்ற எண்ணுக்கு அழைத்தால் கடலோரக் காவல்படை வரும் என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் "வேண்டாம்" என்றால், கரையில் நின்று நேரம் குறிக்கவும் எங்களுக்கு ஆள் வேணும். அதுவும் முக்கியமான வேலை.

தேவாலயத் தரையில் ஒரு கோடு

பதினொரு மணிக்குக் கடலை விட்டுவிடுவோம். பிற்பகலில் நிலம் சூடாகிக் காற்று கூடும். அதோடு, ஒரு மணிக்கு நமக்கு ஒரு சந்திப்பு இருக்கு, சூரியனோடு.

உடுப்பை மாற்றி, வழியில் அரஞ்சீனா சாப்பிட்டு, பெரிய தேவாலயத்துக்குப் போவோம். தரையில் ஒரு நீளமான கோடு பதித்திருக்கும். அதன் ஓரத்தில் பன்னிரண்டு ராசிகளின் படங்கள், நிறக் கல்லில். மேலே ஒரு குவிமாடத்தில் சின்னத் துளை. சூரியன் வானத்தில் மிக உயரத்துக்கு வரும் நேரத்தில், அந்தத் துளை வழியாக விழும் வெளிச்சப் பொட்டு கோட்டைக் கடக்கும். அதுதான் பலெர்மோவின் உண்மையான நண்பகல். கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு இல்லை, ஒரு மணி தாண்டிவிட்டது! ஒரு மணி நேரம் கோடைகால நேர மாற்றத்தால் வந்தது. மிச்ச நிமிடங்கள், இத்தாலி முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருப்பதால் வந்தவை. அந்த நேரம் நமக்குக் கிழக்கே உள்ள இடத்துக்குச் சரியான நேரம்.

கோடையில் சூரியன் உயரத்தில் இருப்பதால் பொட்டு கோட்டின் ஒரு முனைக்குக் கிட்ட விழும். மாரியில் சூரியன் தாழ்வாக இருப்பதால் மற்ற முனைக்குப் போகும். ராசிகள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் இருக்கும் அதே மேஷம், ரிஷபம், மிதுனம்தான். ஆனால் நாள் பொருந்தாது. நம் கணக்கில் சூரியன் மேஷத்துக்குள் வருவது ஏப்ரல் 14 அளவில், அதுதான் சித்திரைப் புத்தாண்டு. இந்தக் கோட்டில் அது மார்ச் 21 அளவில். பூமியின் அச்சு பம்பரம் போல மிக மெல்லச் சுற்றுவதால், பருவங்களை வைத்துக் கணக்கிடுவதற்கும் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுவதற்கும் இடையே இந்த வித்தியாசம் வந்துவிட்டது. இரண்டும் பிழை இல்லை.

இந்தக் கோட்டை அமைத்தவர் ஜுசெப்பே பியாட்ஸி. துறவி, கணக்கு ஆசிரியர், வானியலாளர். அவர் வேலை செய்த இடத்துக்குத்தான் அடுத்துப் போகிறோம்.

தொலைந்துபோன கோள்

நொர்மன் அரண்மனை தேவாலயத்தில் இருந்து சில நிமிட நடை. 1154இல் இங்கே இருந்த அரசர் ரொஜேரோவுக்காக அல் இத்ரிசி என்ற அறிஞர் ஓர் உலகப் படம் வரைந்து முடித்தார். அதில் தெற்கு மேலே இருக்கும், வடக்கு கீழே. அந்தப் படத்தில் இலங்கையும் இருக்கு, 'சரந்தீப்' என்ற பெயரில். நம் பெற்றோர் பலெர்மோவுக்கு வருவதற்கு எட்டு நூறு வருடங்களுக்கு முன்பே பலெர்மோவில் இலங்கையை வரைந்துவிட்டார்கள்.

அரண்மனையின் ஒரு கோபுரத்தின் மேலே 1790இல் விண்ணோக்கு நிலையம் தொடங்கியது. அங்கே ஒரு பெரிய பித்தளை வட்டம் இருக்கு. குறுக்களவு 5 அடி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். இலண்டனில் ராம்ஸ்டன் என்ற கருவி செய்பவர் 1789இல் அதை முடித்தார். தேவாலயக் கோடு சூரியனுக்குச் செய்வதை, இந்த வட்டமும் ஒரு நல்ல கடிகாரமும் சேர்ந்து விண்மீனுக்குச் செய்தன. விண்மீன் தெற்குக் கோட்டைக் கடக்கும் நேரம் என்ன? அப்போது அது எவ்வளவு உயரத்தில் இருக்கு? இந்த இரண்டும் தெரிந்தால் அதன் இடம் தெரிந்துவிடும்.

பியாட்ஸி ஒரே விண்மீனைப் பல இரவுகள் அளப்பார். மற்றவர்களுக்கு அது சலிப்பான வேலை. 1801 ஜனவரி 1 இரவு, ரிஷப விண்மீன் கூட்டத்தில் மங்கலான ஒரு புள்ளியை அளந்தார். அடுத்த இரவு அது கொஞ்சம் நகர்ந்திருந்தது. முதலில் தன் அளவில்தான் பிழை என்று நினைத்தார். மூன்றாம் இரவும் நகர்ந்தது. விண்மீன் அப்படி நகராது.

பிப்ரவரி 11 வரை 24 தடவை அதைப் பார்த்தார். பிறகு நோய் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் புள்ளி சூரியனுக்குக் கிட்டப் போய், வெளிச்சத்தில் மறைந்தது. அவருடைய கடிதங்கள் மற்ற நாட்டு வானியலாளர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது தேடுவதற்கு எதுவும் இல்லை. திரும்ப வெளியே வரும்போது எங்கே தேடுவது? வானம் பெரிது, புள்ளி சிறிது.

ஜெர்மனியில் 24 வயதுக் கவுஸ் இந்த அளவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு பெரிய வட்டத்தின் சின்னத் துண்டு மட்டும் கையில் இருக்கும்போது முழுப் பாதையையும் கண்டுபிடிக்கிற கணக்கு அது. நான் வேலையில் கணினிக்கு நிரல் எழுதுகிற ஆள். இப்படிப்பட்ட கணக்கை இப்போது கணினி கண் மூடித் திறக்கும் முன் செய்துவிடும். அவரிடம் இருந்தது தாளும் மையும். அவர் சொன்ன இடத்துக்குக் கிட்டவே, 1801 டிசம்பர் 31 இரவு, அந்தப் புள்ளியைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். ஒரு முழு வருடம்! பியாட்ஸியின் அளவுகள் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தால் கவுஸின் கணக்கும் பிழைத்திருக்கும்.

அதற்கு பியாட்ஸி வைத்த பெயர் செரெரே, ஆங்கிலத்தில் சீரீஸ். சிசிலியின் பழைய வயல் தெய்வம் அவர். சீரீஸின் குறுக்களவு ஏறக்குறைய 940 கிலோமீட்டர், இலங்கையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் கூட. சூரியனை ஒரு தடவை சுற்ற 4.6 வருடம் எடுக்கும். முதலில் கோள் என்றார்கள், பிறகு சிறுகோள் என்றார்கள், 2006இல் இருந்து குறுங்கோள். பெயரை மாற்றுவது மனிதர்கள்தான், சீரீஸ் தன் பாட்டில் சுற்றுகிறது.

2015இல் 'டோன்' என்ற விண்கலம் சீரீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பெரிய குழிக்குள் வெள்ளை வெளேரென்று பொட்டுகள் தெரிந்தன. அவை உப்பு. நிலத்துக்குக் கீழே இருந்த உப்புத் தண்ணீர் மேலே வந்து காய்ந்து மிஞ்சியது. சாப்பாட்டு உப்பு இல்லை, பெரும்பாலும் துணி தோய்க்கிற சோடா வகை. ஆனால் அது நடந்த விதம் ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதுதான்: தண்ணீர் போய்விடும், உப்பு நிற்கும். கோபுரத்தில் நிற்கும்போது உங்கள் கையைப் பாருங்கள். காலையில் கடலில் நனைந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருக்கும்.

படிவத்தை அடுத்த சனிக்கிழமை கொண்டு வாருங்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், துவாய், மாற்று உடுப்பு, காய்ந்த சப்பாத்து ஒரு சோடி வேணும். தேவாலயத்துக்குள் போவதால் தோளை மூடும் சட்டையும் வேணும். கோபுரத்துக்குப் படி ஏற இருக்கு, ஈரச் செருப்போடு வந்தால் வழுக்கும். கொப்பியும் பென்சிலும் மறக்க வேண்டாம். வெளிச்சப் பொட்டு கோட்டைக் கடக்கிற நேரத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறிக்க வேணும். பக்கத்து ஆளின் கொப்பியைப் பார்க்காமல்.